பிரஸ் மிஷின் மேல் பூத்த ரோஜா

போன வாரம் உங்கள் எடிட்டிங் அறைக்கு வந்திருந்தேன். ஒரு பெண் மவுசை நாலு தட்டு தட்டினாள். கம்பெனி முத்திரை எங்கிருந்தோ பறந்து வந்து, மூன்று குட்டிக்கரணம் போட்டு, பளபளவென்று திரையின் நடுவில் நின்றது. "எவ்வளவு நேரம்மா ஆச்சு?" என்று கேட்டேன். "ரெண்டு நிமிஷம் சார், இந்த மிஷின் ரொம்ப ஸ்லோ" என்று அலுத்துக்கொண்டாள். நான் காபியைக் குடித்தேன். பொறாமையில் காபி கசந்தது என்பதுதான் உண்மை. அதே வேலையை முதன்முதலில் செய்ய எனக்கு ஒரு முழு வாரமும், ஒரு வெட் கிரைண்டரும், என் மனைவியின் மூன்று நாள் மௌனமும் தேவைப்பட்டன.

எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று இன்றைய எடிட்டர்களான உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அழுத்தக் கூடாத பொத்தானை அழுத்திவிட்டு முழித்த அனுபவம் மட்டும் என்னிடம் நிறைய இருக்கிறது. அதில் ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் கீழே வீடு, மாடியில் என் வீடியோ கடை. அப்பாவுக்குக் கிருஷ்ணகிரியில் துணி வியாபாரம். பையன் துணி அளப்பான் என்று அவர் நினைத்திருந்தார். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் நான் 'பாய்'தான். பெயரைக் கேட்டவர்கள் குறைவு.

என் கூட்டாளி முனிராஜ். ராயக்கோட்டை தக்காளி மண்டிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். எண்ணுவது தெலுங்கில், திட்டுவது கன்னடத்தில், சாப்பாடு கேட்பது மட்டும் தமிழில். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எங்கள் கடையின் கிராபிக்ஸ் பிரிவு என்றால் அது முனிராஜும் ஒரு கத்தரிக்கோலும்தான்.

அப்போதுதான் வண்டிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மேனேஜர் எங்களைத் தேடி வந்தார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோவில் எங்கள் கைவரிசையைப் பார்த்திருக்கிறார். தொழிலாளர்களுக்குக் காட்ட ஒரு பாதுகாப்புப் படம் வேண்டும், பதினெட்டு நிமிஷம், முக்கியமாக கிராபிக்ஸ் வேண்டும் என்றார். "டிவில வருதில்ல, லோகோ சுத்திக்கிட்டே வந்து நிக்கும், அந்த மாதிரி" என்றார். "அதுக்கென்ன சார்" என்றேன். அவர் படி இறங்கியதும் முனிராஜ் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

சுற்றுகிற பொருள் என்று எங்கள் வீட்டில் இருந்தவை இரண்டு. ஒன்று மின்விசிறி. இன்னொன்று வெட் கிரைண்டர். முனிராஜ் தெர்மகோலில் முத்திரையை அறுத்து, வெள்ளிக் காகிதம் ஒட்டினார். கிரைண்டரின் கல்லை எடுத்துவிட்டு, பாத்திரத்தின் மேல் ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து, அதன்மேல் முத்திரையை நிறுத்தினோம். பின்னால் கறுப்பு வெல்வெட் துணி. சுவிட்சைப் போட்டேன். மூன்றாவது சுற்றில் முத்திரை பறந்துபோய் முனிராஜின் நெற்றியில் உட்கார்ந்தது. அவர் கன்னடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பிறகு பாத்திரத்தோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டினோம்.

"மாவாட்டுற பாத்திரத்துல பசையா?" என்று கேட்டதுதான் என் மனைவி அந்த வாரம் என்னிடம் கடைசியாகப் பேசியது. ஆனால் முத்திரை சுற்றியது. மேனேஜர் பார்த்துவிட்டு, "இது சிங்கப்பூர்ல பண்ணதா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்மால் முடியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டேன். எல்லா வினையும் அதில்தான் ஆரம்பித்தது.

படத்தின் மையமே பிரஸ் மிஷின்தான். அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கீழே அச்சு, மேலே இருந்து ஒரு பெரிய இரும்புத் தலை இறங்கும். நடுவில் வைத்த தகடு ஒரே அடியில் வளையும். கை நடுவில் இருந்தால் கையும்தான். அதனால் மிஷினுக்கு முன்னால் இடதும் வலதுமாக இரண்டு பொத்தான்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் தலை இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது அச்சுக்குள் எந்தக் கை போகும்?

நடிக்க மேனேஜர் தேர்ந்தெடுத்த ஆள் மாதையன். ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன். மத்திகிரியில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தான். பிரஸ் பிரிவிலேயே வேகமான கை. இரண்டு வருஷமாகத் தற்காலிகம். அடுத்த மாதம் நிரந்தரம் ஆகப்போகிறது. அதற்கடுத்த வாரமே கல்யாணம். வீடியோ நான்தான் என்று சொல்லியிருந்தான். படப்பிடிப்பு அன்று புதுச் சீருடை, நெற்றியில் விபூதி, முகத்தில் அரை டப்பா பவுடர் என்று வந்து நின்றான்.

நான் கல்யாண வீடியோக்காரன். பழக்கம் எங்கே போகும்? பிரஸ் பிரிவில் இருந்த அத்தனை பேரையும் ஒவ்வொருவராக முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டி எடுத்தேன். அவர்களும் மொய் வைக்க நிற்கிறவர்கள் போலச் சட்டையை இழுத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். "எதுக்கு எல்லார் முகமும்?" என்றார் மேனேஜர். "ஒருத்தர விட்டாலும் மனசு சங்கடப்படும் சார்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

அவர் போன பிறகு கைகளின் குளோசப். மாதையன் கேமராவைப் பார்த்துப் பார்த்து விறைத்துப்போனான். ஐந்து முறை எடுத்தும் சரியில்லை. அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். வெட்கப்படும் மாப்பிள்ளைகள் ஆயிரம் பேரிடம் சொன்ன அதே வார்த்தை. "கேமராவ மறந்துரு மாதையா. தினமும் எப்படிச் செய்வியோ அப்படியே செய்."

அவன் கேமராவை மறந்தான். தினமும் செய்கிற மாதிரியே செய்தான். என்ன வேகம், என்ன தாளம்! வ்யூஃபைண்டர் என்பது அப்போது கட்டைவிரல் அளவு, அதுவும் கறுப்பு வெள்ளை. அதற்குள் அவன் வலது கை ஆடிய ஆட்டத்தில் நான் சொக்கிப்போனேன். வேறு எதையும் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, கலர் டிவியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் குரலை ஏற்கனவே பதிவுசெய்து வைத்திருந்தேன். பக்கத்தில் அரசு கால்நடைப் பண்ணை. 'கவனம்' என்று நான் சொல்லும்போதெல்லாம் ஒரு மாடு பதில் சொன்னதால் அதற்கே ஒரு நாள் ஆகியிருந்தது. "இரண்டு உள்ளங்கைகளும் ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டுமே இயந்திரம் இயங்கும்" என்று என் குரல் கம்பீரமாகச் சொன்னது. முனிராஜ் டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"பாய், அந்த இடது பொத்தான்ல என்னமோ சொருகி இருக்குது."

மஞ்சளாக, ஆப்பு மாதிரி ஒரு மரச்சக்கை. பொத்தானை உள்ளே தள்ளிச் சந்தில் செருகியிருந்தது. அதனால் இடது பொத்தான் எப்போதும் அழுந்தியே இருந்தது. மாதையன் இடது கையால் தகட்டை வைத்துக்கொண்டே வலது கையால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தான். பாதுகாப்புப் படத்தின் நட்டநடுவில், எதைச் செய்யாதே என்று சொல்கிறோமோ அதை அழகாக, நல்ல வெளிச்சத்தில், குளோசப்பில் எடுத்து வைத்திருந்தேன்.

ஆளனுப்பி மாதையனை வரச்சொன்னேன். பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கை தானா பாக்கெட்டுக்குப் போயிருக்குதுண்ணா. எடுத்ததே எனக்குத் தெரியல."

"எதுக்குடா இதெல்லாம்?"

"ரெண்டு கையிலயும் அமுக்குனா ஒரு மணிக்கு இத்தனைன்னு அவங்க கேக்குற எண்ணிக்கை வராதுங்ணா. பிரஸ் ஷாப்ல எல்லாருமே வெக்கறதுதான். சூப்பர்வைசருக்கும் தெரியும், தெரியாத மாதிரி போயிருவாரு. மேனேஜர் பாத்தாருன்னா நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிருவாரு. பர்மனெண்ட்டுன்னு சொல்லித்தான் பொண்ணு வூட்ல பேசுனது. எதாச்சும் பண்ணுங்ணா."

மறுபடி எடுக்கலாம் என்றால் மிஷினை நிறுத்த மேனேஜரிடம் கேட்க வேண்டும். ஏன் என்று கேட்பார். திங்கட்கிழமை திரையிடல், தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறார். ஷாட்டை வெட்டலாம் என்றால் அது இல்லாமல் படமே இல்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் ஒரு நப்பாசையும் இருந்தது. கிரைண்டரை வைத்து சிங்கப்பூரைக் கொண்டுவந்தவன் ஒரு மரச்சக்கையை மறைக்க மாட்டேனா?

முதலில் ஒரு கறுப்புச் சதுரம் போட்டோம். போலீஸ் கேஸ் மாதிரி இருந்தது. அடுத்து முனிராஜ் சிவப்பு அட்டையில் ஒரு அம்புக்குறி வெட்டினார். அது இடமிருந்து பாய்ந்து வந்து, துடித்து, மிகச் சரியாக மரச்சக்கையைச் சுட்டிக்காட்டி நின்றது. "அழகா இருக்குது" என்றார் முனிராஜ். அவர் தன் வேலையைப் பற்றிச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

கடைசியாக வந்த யோசனைதான் ரோஜா. ஓசூரில் ரோஜாவுக்கா பஞ்சம்? ஒரு கூடை வாங்கினோம். கறுப்பு வெல்வெட்டில் ஒரு மொட்டை நிறுத்தி, ஒவ்வொரு இதழாகப் பசை வைத்து ஒட்டி, ஒட்ட ஒட்ட கேமராவை நொடிநேரம் ஓடவிட்டு நிறுத்தினோம். முனிராஜ் "ஒக்கட்டி, ரெண்டு, மூடு" என்று எண்ணிக்கொண்டே வந்தார். ஓடவிட்டால் திரையில் ஒரு ரோஜா தானாகவே மலர்ந்தது. இரண்டு படங்களைக் கலக்கும் எங்கள் வீடியோ மிக்சரில் ஒரு பொத்தான் உண்டு; படத்தில் கறுப்பாக இருப்பதை மட்டும் கண்ணாடியாக்கி அடியில் உள்ளதைக் காட்டும். அதை அழுத்தினேன். பிரஸ் மிஷினின் இடது பக்கத்தில் ஒரு பெரிய சிவப்பு ரோஜா மலர்ந்து பொத்தானை மூடியது. ரோஜாவுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வரும், தகட்டை வைக்கும், மறுபடி ரோஜாவுக்குள் போய்விடும். கை உள்ளே பொத்தானைத்தான் அழுத்துகிறது என்று நம்புகிறவர்கள் நம்பலாம். நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை, கேன்டீன். மேசைமேல் பெரிய டிவி. முன்வரிசையில் மேனேஜரும் தலைமை அலுவலகப் பெரியவரும். பின்னால் ஷிஃப்ட் முடிந்த தொழிலாளர்கள். தங்கள் முகம் வந்தபோதெல்லாம் விசில் அடித்தார்கள். முத்திரை சுற்றியது, கை தட்டினார்கள். பிறகு குளோசப் வந்தது. என் குரல் "இரண்டு உள்ளங்கைகளும்" என்று ஆரம்பித்தது. ரோஜா மலர்ந்தது.

பிரஸ் பிரிவு மொத்தமும் வெடித்துச் சிரித்தது. டம்ளர் உருண்டது. ஒருவன் பெஞ்சிலிருந்து விழுந்தான். பூ எந்த இடத்தில் பூத்திருக்கிறது, அடியில் என்ன இருக்கிறது என்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். அதே சக்கை அவர்கள் பாக்கெட்டிலும் இருக்கிறது. பதினெட்டு நிமிஷப் படத்தில் மறக்கவே முடியாத இடமாக அதை ஆக்கி வைத்தது நான்தான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: திரையில் எது அசைகிறதோ, கண் அங்கேதான் போகும். மறைக்க வேண்டியதன் மேல் அசைகிற எதையும் வைக்காதீர்கள்.

மாதையன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். மேனேஜர் திரும்பினார். "பாய், மிஷின் மேல எதுக்கு ரோஜா?"

"ஓசூர்னாலே ரோஜாதானே சார்" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

தலைமை அலுவலகப் பெரியவர் தலையாட்டினார். "நல்ல டச். தொழிலாளிங்க எப்படி ரசிக்கறாங்க பாருங்க. ஒண்ணு செய்ங்க, அந்தக் கை குளோசப்ப பூ இல்லாம எனக்குக் குடுங்க. எல்லா பிளான்ட் சுவர்லயும் பெரிசா போட்டோ மாட்டலாம். நாளைக்கு வேணும்."

தப்பிக்க வழி தேடிப் பின்வரிசைகளைப் பார்த்தேன். அங்கே ஒரு நடுத்தர வயதுக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்க வாயைக் கையால் பொத்தினார். அந்தக் கையில் ஆள்காட்டி விரல் இல்லை.

அவரையும் நான்தான் படம் எடுத்திருந்தேன். முகத்தை மட்டும் எடுத்திருந்தேன்.

மாடிக்குத் திரும்பியதும் முனிராஜ், "அழிச்சிரலாம் பாய். டேப்ல பூஞ்சை புடிச்சிருச்சுன்னு சொல்லிரலாம்" என்றார். அதுதான் சுலபம். டேப்பை வைத்து ரெக்கார்டு பொத்தானில் கட்டைவிரலையும் வைத்துவிட்டேன். அழுத்த முடியவில்லை. பயமாக இருந்தது, அதைவிட அசிங்கமாக இருந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு மாதையனின் அறைக்கு நடந்தேன்.

"இத அழிச்சா உன் வேலை தப்பிச்சிரும். குடுத்தா போனாலும் போயிரும். நான் முடிவு பண்ண முடியாதுப்பா, கை உன்னுது. ஆனா ஒண்ணு. விரல் போன ஒருத்தர் பின்னாடி உக்காந்து சிரிச்சதப் பாத்தேன். இன்னொரு தடவை பூ போட்டு மூட என்னால ஆகாது."

மாதையன் பாக்கெட்டிலிருந்து அந்தச் சக்கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அந்த அண்ணன்தான் எனக்கு இத செதுக்கிக் குடுத்ததுங்ணா" என்றான்.

மறுநாள் மேனேஜர் அறையில் நானும் மாதையனும் நின்றோம். பெரியவரும் இருந்தார். டேப்பைப் போட்டேன். ரோஜா இல்லாமல் பார்த்ததும் மேனேஜரின் முகம் ரோஜா நிறத்துக்கு வந்தது. "யார்ரா இது?" என்று கத்தினார். யார் என்று அவருக்கே தெரியும். மாதையன் சக்கையை மேசைமேல் வைத்தான்.

"தப்புதாங்க சார். இது இல்லாம நீங்க கேக்குற எண்ணிக்கை வராதுங்க. நான் சொல்றது பொய்யின்னா நீங்களே ஒரு மணி நேரம் நின்னு ரெண்டு கையிலயும் அடிச்சுப் பாருங்க சார்."

"பாக்கறேன்டா" என்றார் மேனேஜர். பெரியவர் முன்னால் பின்வாங்க அவரால் முடியவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு பிரஸ் மிஷின் முன்னால் நின்றார். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். நான் கேமராவை ஓடவிட்டேன். யாரும் சொல்லவில்லை, பழக்கதோஷம்தான். கால் மணியில் டை கழன்றது. அரை மணியில் சட்டை முதுகோடு ஒட்டியது. ஒரு மணி நேரத்தில் அவர் அடித்தது, அவரே நிர்ணயித்த எண்ணிக்கையில் பாதிகூட இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மிஷின் கொஞ்சம் டைட்டா இருக்கு" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியவர் மட்டும், "எண்ணிக்கைய மாத்துங்க" என்றார்.

அடுத்த நாள் ஒரு வாளியை வைத்தார்கள். யார் என்று கேட்கமாட்டோம், சக்கையைப் போட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். வாளி நிரம்பியது. பாதி சீப்பு, பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடி, சதுரங்கச் சிப்பாய், புளியமரத்தில் செதுக்கி வார்னிஷ் அடித்த ஒன்று. கேட்கமாட்டோம் என்று சொல்லியும் ஒரு மகராசன் தன் பெயரைப் பொறித்திருந்தான். குளோசப்பை மறுபடி எடுத்தோம், இரண்டு கையும் பொத்தானில். ரோஜாவை எடுத்துவிட்டேன். மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்த ரோஜாவ எங்கயாவது வைக்க முடியுமா? படத்தோட காப்பிய வீட்டுல போட்டுக் காட்டினேன், ரொம்பப் புடிச்சுப்போச்சு" என்றார். படத்தின் கடைசியில் வரும் 'நன்றி' அட்டையில் வைத்தேன்.

மாதையனை வெளியே அனுப்பவில்லை. ஆனால் நிரந்தரத்தை மூன்று மாதம் தள்ளிவைத்தார்கள். கல்யாணமும் தள்ளிப்போனது. பெண் வீட்டார் முறுக்கிக்கொண்டார்கள். அந்த மூன்று மாதமும் நான் அவன் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. கடைசியில் ஊத்தங்கரையில் கல்யாணம் நடந்தது. மணமேடையில் அவன் விறைத்து நின்றபோது, "கேமராவ மறந்துரு" என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். "மெதுவா கட்டு மாதையா, அவசரமில்ல" என்றேன். தாலி கட்டும்போது முகங்களை விட்டுவிட்டுக் கைகளுக்கு நெருக்கமாகப் போனேன்.

எடிட் செய்யும்போது முனிராஜ் கேட்டார். "இங்க நம்ம ரோஜாவப் போடலாமா பாய்? பொருத்தமா இருக்கும்."

"வேண்டாம். கை தெரியட்டும்" என்றேன்.

வீடியோவைப் பார்த்த பெண்ணின் அப்பா என் கடைக்கே வந்துவிட்டார். "ஏம் பாய், தாலி கட்டறப்ப மாப்ள மூஞ்சியக் காட்டாம அவ்ளோ நேரம் கையவே காட்டி வெச்சிருக்கீங்களே?"

"மன்னிச்சுக்கங்க பெரியவரே. பத்து விரலையும் எண்ணி முடிக்க அவ்வளவு நேரம் ஆச்சு" என்றேன்.